படிக்காதவை: பூஜ்யம்

சத்தியசீலன் என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் பூஜ்யமாகியிருந்தது. போன வாரம் புஷ்பவள்ளியை அந்த எண்ணுக்கு முன்னால், கையில் தேத்தண்ணியோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். தேத்தண்ணி ஆறிவிட்டது. அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் ரந்தாவில், செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பு வீடு அது. பின்னறையில் இரண்டு கணினிகளும் ஒரு மின்விசிறியும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுக்குள் நாற்பத்து மூன்று வலைத்தளங்கள் குடியிருக்கின்றன. தோட்டத்துக் கோவில்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், பகாவில் ஒரு மாலைக்கடை, தம்பினில் ஒரு மேளக்குழு. பெரிய நிறுவனங்களிடம் போய் ஆங்கிலத்தில் முழி பிதுங்கித் திரும்பியவர்கள் எல்லாம் கடைசியில் புஷ்பவள்ளியிடம்தான் வருவார்கள்.

இதை ஆரம்பித்தவன் அவள் கணவன் சத்தியசீலன். ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு கோவில் தளத்தைச் சரி பண்ணிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று மோட்டார்சைக்கிளில் போனான். மோட்டார்சைக்கிள் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அவன் விட்டுப் போனவற்றில் ஒன்று ரீடர். அவர்கள் தளங்களில் யார் என்ன புதிதாகப் போட்டாலும் அது தானாக வந்து ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். புஷ்பவள்ளி தினமும் காலை ஆறரை மணிக்கு அதைத் திறந்து படிப்பாள். எந்தத் தளமாவது நாலைந்து நாள் பேசாமல் இருந்தால், அதற்கு உடம்புக்கு என்ன என்று போய்ப் பார்ப்பாள்.

அந்த ரீடரில் இரண்டே பேருக்குத்தான் கணக்கு. ஒன்று அவளுக்கு, மற்றது அவனுக்கு. அவன் போன பிறகும் அவன் பெயருக்குச் செய்திகள் வந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தன. ‘படிக்காதவை’ என்று நிர்வாகிப் பக்கத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போயிற்று. போன வியாழக்கிழமை அது முப்பத்தாறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவள் அதைத் திறந்ததும் இல்லை, அழித்ததும் இல்லை. வியாழக்கிழமைகளில் எல்லாத் தளங்களையும் பிரதி எடுக்கும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

இன்றும் வியாழன். இன்று அது பூஜ்யம்.

“திலகா, இங்க வா.”

திலகாவுக்கு இருபது வயது. சிரம்பானில் கணினி படிக்கிறாள், பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறாள். பல் துலக்கியபடியே வந்தவள் திரையைப் பார்த்ததும் துலக்குவதை நிறுத்தினாள்.

“நீ தொட்டியா?”

“நான் ஏம்மா அப்பாவோடத தொடப் போறேன்.”

“அப்ப மெசின் கோளாறா?”

“பாக்கணும்.” வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “இன்னிக்குன்னு பாத்துதான் இதெல்லாம் நடக்கணுமா?”

இன்று மூன்று மணிக்கு புஷ்பவள்ளி சிரம்பானில் ஒரு தாளில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருடமாகக் கணவனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை என்று. அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போனால் அவன் இறந்தவனாகக் கொள்ளப்படுவான். அவர்கள் சேவையின் இணைய முகவரியின் பெயர்ப்பதிவு அவன் பேரில் இருக்கிறது. மாதக் கடைசியில் முடிகிறது. பதிவுக் கம்பெனிக்காரர்கள், ஒன்று அவர் வரவேண்டும் அல்லது கோர்ட்டுத் தாள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் இல்லையென்றால் நாற்பத்து மூன்று தளங்களும் ஒரே நாளில் இருட்டாகிவிடும்.

அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. சனிக்கிழமை அமாவாசை. போர்ட்டிக்சன் கடற்கரையில் அவனுக்குக் காரியம் செய்வதாக முடிவாகியிருந்தது. அன்றைக்கு அவள் தாலியைக் கழற்ற வேண்டும். ஏழு வருடமாக அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. எதுவாக இருந்தாலும் தெரிந்துவிட்டால் போதும் என்று சமையலறையில் தனியாக நின்று அழுதிருக்கிறாள். அந்தத் தெரிதல் இன்று மூன்று மணிக்கு என்று நம்பித்தான் விடிகாலையில் எழுந்தாள்.

பத்தரைக்கு புனிதன் கார் வந்தது. சத்தியசீலனின் தம்பி. செனாவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அண்ணியை சிரம்பானுக்குக் கூட்டிப்போகவே லீவு போட்டிருந்தான். உள்ளே வந்தவன் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தான்.

“என்னா, யாரும் சாப்புடலயா?”

திலகா விஷயத்தைச் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, சங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

“அது நாந்தான் லா.”

“நீங்களா?”

“ஞாயித்துக்கெழம அண்ணன் துணிய எல்லாம் மூட்ட கட்டுனேன்ல. காரியத்துக்கு முன்னாடி சாமான ஒழிச்சுக் குடுக்கறதுதான நம்ம வீட்டு வழக்கம். அலமாரிக்குள்ள பழைய காலண்டர் கெடந்துச்சு, பின்பக்கம் அண்ணன் கையால பாஸ்வேர்டு. இதுவும் அவரு சாமான்தானேன்னு உள்ள போயி, ‘எல்லாம் படித்தாயிற்று’ன்னு இருந்தத ஒரு தட்டு தட்டுனேன். ஒங்ககிட்ட சொன்னா அழுவீங்க அண்ணி. அதான் சொல்லல.”

புஷ்பவள்ளி நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தே விட்டாள். சிரிப்பில் பாதி அழுகை. செத்தவன் வேட்டியைப் போல அவன் ரீடரையும் மடித்துக் கொடுத்திருக்கிறான், நல்ல மனிதன். இப்படி ஒரு மச்சினன் வேறு யாருக்கு வாய்ப்பான்?

திலகா சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமயா சித்தப்பா?”

“ஆமா. சாயந்தரம்.”

“இன்னிக்கு வியாழன்.” அவள் எதையோ தேடி எண்ணிப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழமக்கி அப்புறம் புதுசா அம்பத்தெட்டு வந்துருக்கு. நீங்க சுத்தம் பண்ணது அன்னிக்கு வரைக்கும் வந்ததத்தான். இப்ப அப்பா பேர்ல அம்பத்தெட்டு இருக்கணும்.”

புனிதன் திரைக்கு அருகே வந்து குனிந்தான்.

“அந்த அம்பத்தெட்டயும் யாரோ படிச்சிருக்காங்க,” என்றாள் திலகா.

புனிதன் முதலில் திருடன் என்றான். பிறகு சீனாக்காரன் எவனாவது உள்ளே புகுந்திருப்பான் என்றான். மாலைக்கடை விளம்பரத்தையும் கோவில் கூட்ட அறிவிப்பையும் ஒன்று விடாமல் படிக்க எந்தத் திருடன் வருவான் என்று திலகா கேட்டாள்.

“ஒண்ணு போட்டுப் பாப்போம்,” என்றாள் அவள்.

முன்னாள் மாணவர் சங்கத் தளத்தில் ‘சோதனை’ என்று ஒரு வார்த்தையைப் பதிவேற்றினாள். ஒரு நிமிடத்தில் சத்தியசீலனின் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது. மூன்று பேரும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் சிமெண்டில் அடிக்கும் சத்தம் கேட்டது. வேலிக்கு அப்பால் செம்பனை மரங்களுக்கு நடுவே மட்டும் எப்போதும் போல இருட்டாக இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

“பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல,” என்று புனிதன் எழுந்தான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒன்று பூஜ்யமாயிற்று.

புனிதன் மறுபடியும் உட்கார்ந்தான். புஷ்பவள்ளி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், தாலி இருந்த இடத்திலேயே இருந்தது.

திலகாவின் விரல்கள் ஓடின. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். முப்பது நாள் பதிவுதான் இருக்கும், அதற்கு முந்தையது தானாக அழிந்துவிடும்.

“எங்கேருந்துன்னு தெரியல. ஒவ்வொரு தடவயும் வேற வேற நாடு காட்டுது. மறைச்சுக்கிட்டு வர்றாங்க.” சட்டென்று நிறுத்தினாள். “அம்மா.”

“சொல்லு.”

“முப்பது நாளும் வந்துருக்காங்க. ஒரு நாள்கூட விடல. நீங்க காலையில ஆறரைக்கு உள்ள போறீங்கல்ல? அதுக்கு ரெண்டு நிமிசம் கழிச்சு. ஒரு நாளு நீங்க காய்ச்சல்ல எட்டு மணிக்குத்தான் தெறந்தீங்க. அன்னிக்கு எட்டு ரெண்டு.”

புஷ்பவள்ளி சன்னலைச் சாத்தினாள். தினமும் இதே நாற்காலியில், விளக்குப் போடாமல், தலைகூட வாராமல் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அவள் வருவதற்காக ஒருவர் காத்திருந்து, வந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு பின்னாலேயே உள்ளே நுழைந்திருக்கிறார்.

“அப்ப இத்தன நாளா எண்ணிக்க ஏறிக்கிட்டேதான இருந்துச்சு?” என்றான் புனிதன்.

“படிச்சிட்டு, திரும்பவும் படிக்காததுன்னு மாத்தி வச்சிருக்கலாம். தெரியக்கூடாதுன்னு. நீங்க ஞாயித்துக்கெழம மொத்தமா தொடச்சதும், வீட்டுல கண்டுபுடிச்சிட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க. இனிமே என்னாத்த மறைக்கறதுன்னு விட்டுட்டாங்க.”

வந்து படித்தது அப்பா என்று திலகா சொல்லவில்லை. சொல்லாததை மற்ற இருவரும் கவனித்தார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது போனவன். அந்த வார்த்தையை அவள் இப்போது கவனமாகத்தான் எடுக்கிறாள்.

“நான் ஒண்ணு எழுதறேன்,” என்றாள் புஷ்பவள்ளி.

எழுதினாள். சேவையின் சொந்த அறிவிப்புப் பக்கத்தில், இறப்பு அறிவிப்பு எழுதும் அதே நடையில்.

‘ரந்தாவ் சத்தியசீலன் ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இன்றி இருப்பதால், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு சிரம்பானில் அவர் மனைவி சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திடுகிறார். வரும் சனிக்கிழமை அமாவாசையன்று போர்ட்டிக்சனில் காரியம் நடைபெறும். இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் மூன்று மணிக்குள் தெரிவிக்கவும்.’

கீழே தன் தொலைபேசி எண்ணைப் போட்டாள். ஏழு வருடமாக மாற்றாமல் வைத்திருக்கும் எண்.

“அண்ணி, ஆட்சேபம்னு எல்லாம் போட்டா எல்லாரும் படிப்பாங்க லா.”

“படிக்கட்டும், தம்பி. படிக்கத்தான எழுதறோம்.”

திலகா வீட்டிலேயே திரைக்கு முன்னால் இருந்தாள். மற்ற இருவரும் கிளம்பினார்கள். காரில் புனிதன் வானொலியைப் போட்டு, உடனே அணைத்தான். வழியெல்லாம் புஷ்பவள்ளி போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு கோவில் செயலாளர் கூப்பிட்டார். படம் ஏறவில்லை என்றார். அவள் எப்படி ஏற்றுவது என்று பொறுமையாகச் சொன்னாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு, சிரம்பானில் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தபோது திலகா கூப்பிட்டாள்.

“படிச்சாச்சும்மா.”

“எப்ப?”

“இப்பத்தான். ஒண்ணு இருந்துச்சு, போயிருச்சு.”

“வேற எதாச்சும்?”

“இல்லம்மா. படிச்சது மட்டுந்தான்.”

இன்னும் இருபது நிமிடம். புஷ்பவள்ளி காரைவிட்டு இறங்கி, கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி வழியில் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டாள். உயிரோடு இருக்கும் எந்த மனிதனும் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான் என்று நம்பினாள். போன் அடிக்கவில்லை. இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தைந்து. புனிதன் பக்கத்தில் வந்து நின்றான்.

பயம் எப்போது கோபமாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

சத்தியப் பிரமாண ஆணையர் திருநாவுக்கரசு முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சின்ன அறை, பெரிய மேசை. அடையாள அட்டையை வாங்கி முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்தார். வக்கீல் மலாய் மொழியில் அடித்துக் கொடுத்திருந்த தாளை எடுத்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னார்.

“நாலாவது பத்தி. ‘அன்று முதல் இன்று வரை என் கணவரிடமிருந்து கடிதமோ, தொலைபேசி அழைப்போ, வேறு எந்த வகையிலும் தகவலோ எனக்கு வரவில்லை.’ இது உண்மைதானேம்மா?”

புனிதன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் தெரிந்தது கெஞ்சலா, பயமா என்று சொல்வது கடினம்.

“ஒரு நிமிசம் ஐயா,” என்றாள் புஷ்பவள்ளி.

போனில் நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தாள். சத்தியசீலன் என்ற பெயரைத் தொட்டாள். ‘கணக்கை மூடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஏழு வருடமாக அவள் விரல் போகாத இடம். நிச்சயமாக மூடவா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றாள்.

அவளுக்குக் கண் கலங்கியது. தினமும் வந்து எட்டிப் பார்த்திருக்கிறான். அறிவிப்புப் பக்கத்தில் அவள் எழுதிய மகளின் பரீட்சை, புனிதன் கல்யாணம், அவள் ஒற்றை ஆளாக இந்த நாற்பத்து மூன்று பேருக்கும் பதில் சொன்னது, எல்லாவற்றையும் படித்திருக்கிறான். ஒரு வார்த்தை அனுப்பவில்லை. இந்தத் தாளில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தும் உண்மை. தகவல் போய்க்கொண்டிருந்ததே தவிர, வரவில்லை.

“உண்மைதான் ஐயா,” என்றாள்.

சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டாள். திருநாவுக்கரசு முத்திரையை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

“மனசத் தளர விடாதீங்கம்மா,” என்றார். தினமும் யாருக்காவது சொல்கிற வார்த்தைதான். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது போன் அதிர்ந்தது. மின்னஞ்சல். ரீடர் அனுப்பியது.

கணக்கு மூடப்பட்டவர்கள் உள்ளே வர முயன்றால் ஒரு பெட்டி தோன்றும். நிர்வாகிக்கு ஒரு வரி எழுதி அனுப்பலாம். சத்தியசீலனே செய்து வைத்த வசதி. அதில் யாரும் இதுவரை எழுதியதில்லை.

‘வள்ளி, கையெழுத்துப் போட்டாச்சா?’

ஊரில் அவள் எல்லாருக்கும் புஷ்பா. அம்மா அப்பாவுக்குக்கூட புஷ்பாதான். வள்ளி என்று கூப்பிட ஒருவன்தான் இருந்தான், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

“யாரு அண்ணி?”

அவள் போனை நீட்டினாள். புனிதன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“உசுரோட இருக்காரு,” என்றான். “அண்ணன் உசுரோட இருக்காரு. ஆனா என்னா இப்படிக் கேக்குறாரு?”

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. போடாதே என்று சொல்லவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை முடிந்ததா என்று கேட்பது போலக் கேட்கிறான். தான் செத்தவனாக வேண்டும் என்று உயிரோடு இருக்கும் ஒருவன் எதற்காகக் காத்திருப்பான்?

தாளைப் பையிலிருந்து எடுத்தாள். முத்திரை மை இன்னும் காயவில்லை.

“எந்திரிங்க தம்பி,” என்றாள். “நான் செஞ்ச சத்தியம் இனிமே பொய். தகவல் வந்திருச்சு. இது கோர்ட்டுக்குப் போகக் கூடாது.”

தாளின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். போன் புனிதனின் கையில் மறுபடியும் அதிர்ந்தது. அவன் பார்த்தான். அண்ணியிடம் கொடுக்காமல், மெதுவான குரலில் அவனே வாசித்தான்.

“‘அதைக் கிழிச்சிடாதே.’”

புஷ்பவள்ளி அசையாமல் நின்றாள். படிக்கட்டில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. கீழே திறந்திருந்த வாசல் வழியாக எதிர்க்கடையும், நிறுத்தியிருந்த கார்களும், வெயிலுக்கு ஒதுங்கி ஐந்தடி வழியில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் தெரிந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.